படம் எங்கே மாட்டிக்கொண்டது?

பிள்ளைகளே! உங்கள் வீட்டில் டி.வி. இருக்கிறது. அக்காவின் லேப்டாப்போ, அப்பாவின் கம்ப்யூட்டரோ ஒன்றும் இருக்கிறது. பாட வீடியோவையோ, ஊர்த் திருவிழாவில் எடுத்த போட்டோக்களையோ பெரிய திரையில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாமே என்று ஆசை வருகிறது. ஒயரை எடுத்து இரண்டு பக்கமும் செருகுகிறீர்கள். டி.வி. என்ன சொல்கிறது? வெறும் திரையில் ஒரே வாசகம்: 'நோ சிக்னல்!'

உடனே வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் ஒயரைப் பிடித்து ஆட்டுவார். இன்னொருவர் டி.வி.யின் தலையில் தட்டுவார். தம்பி ரிமோட்டில் உள்ள அத்தனை பொத்தான்களையும் அழுத்தி, மெனுவை ஏதோ புரியாத மொழிக்கு மாற்றி வைத்திருப்பான். கடைசியில் தாத்தா, "டி.வி. போயிடுச்சு, மெக்கானிக்கைக் கூப்பிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

கொஞ்சம் பொறுங்கள். 'நோ சிக்னல்' என்பதற்கு டி.வி. கெட்டுப்போய்விட்டது என்று பொருள் இல்லை. "நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வாசலில் காத்திருக்கிறேன். இங்கே இன்னும் யாரும் வரவில்லை" என்று டி.வி. சொல்கிறது. அவ்வளவுதான்! இப்படி எழுதிக் காட்டும் டி.வி.யின் திரை நன்றாகத்தானே இருக்கிறது?

கம்ப்யூட்டரில் புறப்படும் படம், ஒயர் வழியாக நடந்து, டி.வி.க்குள் நுழைய வேண்டும். மொத்தம் மூன்றே இடங்கள். வழியில் எங்கே மாட்டிக்கொண்டது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. நெடுவகுத்தல் கணக்கில் விடை தப்பாக வந்தால், முழுக் கணக்கையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடும் பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த வரியில் தப்பு நுழைந்தது என்று தேடுகிற பிள்ளை சீக்கிரம் முடித்துவிடும். இங்கேயும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்தபின் திரையைப் பாருங்கள். பலன் இல்லையா? மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. நாளைக்கு மறுபடி இதே பாடுதான்!

எந்த வாசல்?

முதலில் டி.வி.யின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 1, எச்.டி.எம்.ஐ. 2 என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒரே மாதிரியான துளைகள்தான். ஆனால் டி.வி. ஒரு நேரத்தில் ஒரு வாசலைத்தான் பார்க்கும். விருந்தாளி கொல்லைப்புறக் கதவைத் தட்டுகிறார். நாம் தெருவாசலில் நின்றுகொண்டு "யாரையும் காணோமே" என்கிறோம். அதே கதைதான். ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, ஒயர் செருகியிருக்கும் அதே வாசலைத் தேர்ந்தெடுங்கள். பாதித் தொல்லை இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இப்போது ஒயரைப் பாருங்கள். (கேபிள் என்று சொன்னால் உங்களுக்குக் கேபிள் டி.வி. நினைவு வந்துவிடும். அதனால் ஒயர் என்றே சொல்கிறேன்.) தட்டையாக, அடிப்பக்க மூலைகள் சரிந்து, உள்ளே 19 மெல்லிய இணைப்புகளோடு இருப்பது எச்.டி.எம்.ஐ. ஏழு நிறுவனங்கள் கூடித் திட்டமிட்டு, 2002 டிசம்பரில் இதன் விதிமுறைகளை வெளியிட்டன. படம், ஒலி இரண்டும் இந்த ஒரே ஒயரில் போகும். இதைத் திருகி இறுக்குவதற்கு ஆணி கிடையாது. அதனால் டி.வி.யைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அரை மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். பார்வைக்குச் செருகியது போலவே இருக்கும்! இரண்டு முனைகளையும் முழுதாகக் கழற்றி, நேராகப் பிடித்து, மறுபடி செருகுங்கள். தலையைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும்.

நிறம் சொல்லும் ரகசியம்

பழைய கம்ப்யூட்டர்களில் நீல நிறத் தலையோடு, பக்கத்துக்கு ஒரு திருகாணியோடு வேறொரு ஒயர் இருக்கும். அதன் பெயர் வி.ஜி.ஏ. 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. வரிசைக்கு 5 வீதம் மூன்று வரிசை, மொத்தம் 15 ஊசிகள். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐயோ, நடு வரிசையில் ஒன்று இல்லையே, உடைந்துவிட்டது!" என்று பயந்துவிடாதீர்கள். பல ஒயர்களில் 9-ஆம் ஊசியை வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருப்பார்கள். வளைந்த ஊசி இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதை நிமிர்த்துவது பெரியவர்கள் வேலை.

வி.ஜி.ஏ. ஒயருக்கு ஒரு தனி அழகு உண்டு. சிவப்புக்கு ஒரு கம்பி, பச்சைக்கு ஒரு கம்பி, நீலத்துக்கு ஒரு கம்பி என்று தனித்தனியாக அனுப்பும். மூன்று ஒளியும் சேர்ந்தால் வெள்ளை. அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே? இப்போது ஒரு புதிர். திரையில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய பக்கம் முழுவதும் மஞ்சளாகத் தெரிகிறது. எந்தக் கம்பி தொடவில்லை?

நீலம்தான்! சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் மட்டும் வந்தால் மஞ்சள் ஆகும். வெள்ளைப் பக்கம் கருஞ்சிவப்பு ரோஜா போலத் தெரிந்தால் பச்சைக் கம்பி தொடவில்லை. வெளிர் நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்புக் கம்பி தொடவில்லை. டி.வி.யைத் திறக்காமல், மீட்டர் எதுவும் வைக்காமல், நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பி என்று சொல்லிவிடலாம்! திருகாணிகளைத் தளர்த்தி, நேராகச் செருகி, இரண்டையும் சமமாக இறுக்கினால் பெரும்பாலும் காணாமல் போன நிறம் திரும்பி வந்துவிடும்.

வி.ஜி.ஏ.வில் படம் மட்டும்தான் போகும். ஒலி போகாது. 'படம் வருது, சத்தம் வரலை' என்றால் அது கோளாறே இல்லை. கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து டி.வி.க்குத் தனி ஒயர் போட வேண்டும்.

காசு வீணாகும் இடம்

நம் தமிழ்நாட்டில் 2006-ல் அரசு கொடுத்த 14 அங்குல வண்ண டி.வி.க்கள் பல வீடுகளில் வெகுகாலம் ஓடின. 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுத்தது. அந்த லேப்டாப்பை அந்த டி.வி.யில் மாட்ட முடியுமா என்று பிள்ளைகள் ஆசைப்பட்டது இயல்புதானே? ஆனால் அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் டி.வி.க்களில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள்தான் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு.

கடையில் ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறு முனையில் அந்த மூன்று வண்ணத் தலைகள் உள்ள ஒயர் தொங்கும். விலையும் குறைவு. வாங்கிவிடாதீர்கள்! எச்.டி.எம்.ஐ. பேசுவது எண்களின் மொழி. மஞ்சள் துளைக்குப் புரிவதோ ஏறி இறங்கும் மின் அலையின் மொழி. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் 'கன்வெர்ட்டர்' என்கிற சின்னப் பெட்டி. அதற்கு மின்சாரமும் கொடுக்க வேண்டும். நடுவில் பெட்டி இல்லாத வெறும் ஒயரை லேப்டாப்பில் மாட்டினால், எத்தனை முறை கழற்றிச் செருகினாலும் படம் வராது.

இன்னொன்று. கன்வெர்ட்டர் ஒருவழிப் பாதை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவதைத் திருப்பிப் போட்டு, வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்ற முடியாது. கடைக்காரரிடம், "எங்கள் கம்ப்யூட்டரில் இந்தத் துளை, டி.வி.யில் இந்தத் துளை. படம் கம்ப்யூட்டரிலிருந்து டி.வி.க்குப் போக வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இப்போதைய லேப்டாப்களில் உள்ள டைப்-சி துளையிலும் இதே எச்சரிக்கை தேவை. பார்க்க எல்லாம் ஒன்று போல இருந்தாலும், சில டைப்-சி துளைகள் சார்ஜ் ஏற்றவும் கோப்புகளை அனுப்பவும் மட்டும்தான், படம் அனுப்பாது. லேப்டாப்போடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.

ஒயருக்குள் ஒரு பேச்சு

எல்லாம் சரியாகச் செருகியாயிற்று. சரியான வாசலும் தேர்ந்தெடுத்தாயிற்று. இன்னும் படம் வரவில்லை. இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்கும்.

எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் உடனே படத்தை அனுப்பிவிடுவதில்லை. முதலில் ஒரு பேச்சு நடக்கிறது. ஒரு கம்பியில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்பி, "யார் அங்கே?" என்கிறது. டி.வி. இன்னொரு கம்பியில் பதில் மின்சாரம் கொடுத்து, "நான்தான் டி.வி., இருக்கிறேன்" என்கிறது. பிறகு கம்ப்யூட்டர், "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்கிறது. டி.வி. தன் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் சிறு குறிப்பைக் கொடுக்கிறது. தன்னைத் தயாரித்தது யார், திரையின் அளவு என்ன, எந்த எந்த அளவுப் படங்களைக் காட்ட முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடிப்படைக் குறிப்பின் நீளம் வெறும் 128 பைட். உங்கள் பள்ளி அடையாள அட்டை மாதிரி! அதைப் படித்த பிறகுதான் கம்ப்யூட்டர் தகுந்த அளவில் படத்தை அனுப்பத் தொடங்கும்.

இந்தப் பேச்சு நடுவில் குழம்பிவிடுவது உண்டு. கம்ப்யூட்டர் கேட்ட நேரத்தில் டி.வி. தூங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு வைத்தியம் இதுதான்: இரண்டையும் அணையுங்கள். டி.வி.யைச் சுவர் சுவிட்சிலேயே அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். ஒயரைச் செருகுங்கள். முதலில் டி.வி.யைப் போட்டு, வாசலைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள். 'அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேலி செய்யாதீர்கள். பேச்சு முதலிலிருந்து ஒழுங்காக நடக்கட்டும் என்பதுதான் அதன் காரணம்.

விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில், விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானைப் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தை அழுத்துங்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு. நான்கு வழிகள் காட்டும். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் படம் காட்டுவது ஒன்று. இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டுவது அடுத்தது. இரண்டையும் சேர்த்து ஒரே நீளத் திரையாக ஆக்குவது மூன்றாவது. டி.வி.யில் மட்டும் காட்டுவது கடைசி. மூன்றாவது வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டி.வி.யில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரியும். நீங்கள் திறந்த வீடியோ அங்கே இருக்காது. மவுஸை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் அம்புக்குறி கம்ப்யூட்டரை விட்டு மறைந்து டி.வி.யில் முளைக்கும்! வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். பாட வீடியோ பார்ப்பதற்கு இரண்டாவது வழியே போதும்.

நிலவுக்குப் போன மாலை

2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலவில் இறங்கும் நாள். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநர் என்பதால் எங்கள் தெருவில் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்த வீட்டில் டி.வி.க்கு அந்த மாதப் பணம் கட்டவில்லை. செட்டாப் பாக்ஸைப் போட்டால், பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு மட்டும்தான் வந்தது. சரி, லேப்டாப்பில் நேரலையைப் போட்டு டி.வி.யில் பார்ப்போம் என்று ஒயரை மாட்டினார்கள். 'நோ சிக்னல்!'

மணி 5.45. ஒருவர் டி.வி. பழசு என்றார். ஒருவர் லேப்டாப்பில் வைரஸ் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அதற்குள் டி.வி.யின் பின்னால் போய்விட்டாள். "செட்டாப் பாக்ஸ் அறிவிப்பு டி.வி.யில் தெரியுது இல்லையா? அப்போ டி.வி. நல்லா இருக்கு. அந்த வாசலும் நல்லா இருக்கு. அந்த ஒயரும் நல்லா இருக்கு" என்றாள். செட்டாப் பாக்ஸில் இருந்த முனையை மட்டும் கழற்றி லேப்டாப்பில் செருகினாள். ரிமோட்டில் வாசலை மாற்றினாள். இரண்டு விநாடி கறுப்பு. அப்புறம் படம் வந்துவிட்டது!

அவள் என்ன செய்தாள், கவனித்தீர்களா? நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சந்தேகப்படும் பொருளின் இடத்தில் வைத்துப் பார்த்தாள். மெக்கானிக்குகள் தினமும் செய்வது இதைத்தான்.

ஒலி மட்டும் டி.வி.யில் வரவில்லை, லேப்டாப்பிலேயே வந்தது. நேரம் இல்லாததால் யாரும் அதைத் தொடவில்லை. 6.04 மணிக்கு விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவம் அருகே இறங்கியது. அந்தக் கூச்சலில் எந்தப் பெட்டியிலிருந்து ஒலி வந்தால் என்ன! எல்லாம் அடங்கிய பிறகு அந்தப் பெண், பழைய ஒயரை நல்ல வாசலில் மாட்டிப் பார்த்தாள். படம் வரவில்லை. 'ஒயர்தான்' என்று அதில் முடிச்சுப் போட்டு ஒதுக்கி வைத்தாள்.

ஒலிக்கு வழி எளிது. கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, பட்டியலில் டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படம் வந்த பிறகும் தொல்லையா?

ஓரங்கள் வெட்டுப்பட்டு, கீழே உள்ள பட்டை தெரியாமல் போகிறதா? இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பிக்சர் டியூப் காலத்தில் படத்தின் ஓரங்கள் நேராக நிற்காமல் கோணிக்கொள்ளும். அது தெரியாமல் இருக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்குள் ஒளித்துவிட்டார்கள். டியூப் போய்த் தட்டை டி.வி. வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை! ரிமோட்டில் படத்தின் அளவு பகுதிக்குப் போய், 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும்.

எழுத்துகள் மங்கலாக இருந்தால் அளவு பொருந்தவில்லை என்று பொருள். 1366 × 768, 1920 × 1080 என்று எண்கள் பார்த்திருப்பீர்கள். பெருக்கிப் பாருங்கள். முதலாவதில் 10,49,088 புள்ளிகள். இரண்டாவதில் 20,73,600 புள்ளிகள். பத்து லட்சம் புள்ளியை இருபது லட்சம் இடங்களில் பரப்பினால் மங்காமல் என்ன செய்யும்? கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே பகுதியில் டி.வி.யின் அளவையே தேர்ந்தெடுங்கள்.

வேறு எல்லாம் தெரிகிறது, ஒரு சினிமா மட்டும் கறுப்பாகிறது என்றால் ஒயரைக் குறை சொல்லாதீர்கள். படத்தை நகல் எடுக்காமல் இருக்க எச்.டி.எம்.ஐ.யில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறக்கும் வசதி வழியில் உள்ள எல்லாக் கருவிகளிலும் இருந்தால்தான் படம் தெரியும்.

1982-ல் இங்கிலாந்தில் வந்த 'சின்கிளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்குத் தனித் திரையே கிடையாது. வீட்டு டி.வி.தான் திரை. ஆன்டெனா துளையில் ஒயரைச் செருகி, ஒரு டி.வி. நிலையத்தைத் தேடுவது போல 36-ஆம் சானலுக்கு அருகே திருகித் திருகிக் கம்ப்யூட்டரைப் பிடிப்பார்கள்! நமக்குப் பரவாயில்லை, ஒரு பொத்தானோடு முடிந்துவிடுகிறது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

டி.வி.யின் பின் மூடியைக் கழற்றவே கூடாது. பழைய பிக்சர் டியூப் டி.வி.க்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அது தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஒயரைத் தொடும்போதோ, லேப்டாப்பின் உலோக உடலைத் தொடும்போதோ விரலில் சுறுசுறுவென்று இருந்தால் உடனே கையை எடுத்துவிட்டு அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். வீட்டு எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியன் வந்து பார்க்க வேண்டும். ஈரக் கையோடு தொட வேண்டாம். இடி இடிக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

இத்தனையும் செய்தும் படம் வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் தப்பில்லை. அவர் வருவதற்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: டி.வி.யின் இரண்டாம் வாசலில் செட்டாப் பாக்ஸ் தெரிகிறது. அதே வாசலில், அதே ஒயரில் லேப்டாப் தெரியவில்லை. அதே லேப்டாப் பக்கத்து வீட்டு டி.வி.யிலும் தெரியவில்லை. இந்த மூன்று வரியைப் படித்ததும் அவர் டி.வி.யைத் தொடமாட்டார். நேரே லேப்டாப்பின் துளையைத்தான் பார்ப்பார்.